பிளக்கைக் கழற்றியவள் எழுதுவது

தம்பி,

இன்னும் கொஞ்ச நேரத்தில் நீ எனக்குப் போனில் கோல் எடுப்பாய். எடுக்காதே. நாலரைக்கு அலாரம் வைத்து எழும்பி, முகத்தைக் கழுவி, கடை வேலையாகத் தங்கியிருக்கிற வவுனியா அறையில் லைட்டைப் போட்டுக்கொண்டு, அம்மா எழும்பினாவோ இல்லையோ என்று அந்தரப்பட்டபடி இருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம் நாலு முப்பத்தைந்துக்கு உன் போனுக்கு வந்து சேரும்படி வைத்திருக்கிறேன். யார் வைத்துத் தந்தது என்று கேட்காதே. நான்தான் வைத்தேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன். இப்போது கட்டிலில் இருந்து இதை முழுக்க வாசி. நீ சின்ன வயதிலிருந்தே ஆறுதலாக வாசிக்கிற பிள்ளை. எப்படியும் ஐந்து மணிக்குள் முடித்துவிடுவாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. வருகிற ஆவணியில் உனக்குக் கலியாணம். முடிந்ததும் நீ பூவரசங்குளத்தில் துளசி வீட்டுக்குப் போவதாகத்தான் பேச்சு. எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதானே. உன் அப்பாவும் ஒரு சூட்கேஸோடு முள்ளியவளையிலிருந்து விசுவமடுவுக்கு என் வீட்டுக்கு வந்தவர்தான், இன்றுவரை திரும்பிப் போகவில்லை. நீ என்னவென்றால், "ஒரு வருடம் பொறுங்கள், அம்மாவால் அந்தக் கணினியோடு தனியே சமாளிக்க ஏலாது" என்று துளசி வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தங்கள் வீடு உனக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று அழுதிருக்கிறாள். நீ போகாமல் நிற்பதற்குக் காரணம் கணினி என்று நீ சொல்கிறாய், அது வெறும் சாக்கு என்று அவர்கள் நினைக்கிறார்கள். காரணம் நான். அதைச் சொல்லி, உன்னைப் போக வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் ஒரு பிரதியைக் ஊரில் வயல் செய்கிற நாற்பத்து மூன்று குடும்பத்தின் கமக்காரர் அமைப்பு மண்டபத்துப் பலகையிலும் ஒட்டப்போகிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் விளக்கி எழுதினால் சினக்காதே, அது பலகையில் வாசிக்கிற ஆட்களுக்கு. ஊர் வாசிக்கட்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாசிக்கட்டும்.

நான் அமைப்பின் செயலாளராக வந்த முதல் வருடம் உனக்கு நினைவிருக்கும். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பதைப் விதைப்புக்கு முதல் நடக்கிற போகக் கூட்டத்தில் முடிவு செய்துவிடுவார்கள்தான். ஆனால் குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் அந்த முடிவு கூட்டத்தோடு சரி. முறை நாளுக்கு நாள் மாறும். மாறுகிற ஒவ்வொரு தடவையும் விடியற்காலை நான் ஒவ்வொருவருக்காகக் கோல் எடுப்பேன். ஒருவர் தூக்குவார், ஒருவர் தூக்கமாட்டார், ஒருவர் தூக்கிவிட்டுத் தன் மாட்டின் கதையை முழுக்கச் சொல்லுவார். நீதான் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அமைப்புக்குக் கிடைத்த அந்தப் பழைய கணினியை எங்கள் விறாந்தையில் வைத்து, சிம் போட்ட டொங்கிளை அதில் செருகி, ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாய். ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றுமில்லை, கணினிக்கு எழுதிக் கொடுக்கிற வேலைக் கட்டளை. அட்டவணையைத் திற, இன்று எந்த வாய்க்கால் என்று பார், அந்த வாய்க்கால் ஆட்களுக்கு மட்டும் மெசேஜ் அனுப்பு. அதை ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்குத் தானாகச் செய் என்று கணினிக்குள் இருக்கிற நேர அட்டவணையில் பதிந்தும் வைத்தாய். கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பவும் வழி செய்தாய். அதன் பிறகு நான் ஐந்தரை வரை படுத்தேன். என் வாழ்க்கையில் கலியாணத்துக்குப் பிறகு நான் ஐந்தரை வரை படுத்தது அந்த இரண்டு வருடம்தான்.

இனி ஆனி மாதத்துக் கதைக்கு வருகிறேன். அன்று பின்னேரம் நீ கிளிநொச்சியில், வேலை செய்கிற கடையில் நின்றாய். மேற்கே கறுத்துக்கொண்டு வந்து இடி முழங்கத் தொடங்கியது. இடி முழங்கினால் நான் என்ன செய்வேன் என்று இந்த வன்னியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஓடிப்போய் ரீவியின் பிளக்கைக் கழற்றினேன், பிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றினேன், அந்த வேகத்திலேயே கணினியின் பிளக்கையும் கழற்றினேன். கழற்றி, வயரைச் சுருட்டி, மேலே துவாயையும் போட்டு மூடினேன். மழை பெய்ததோ என்றால் ஒரு துளி விழவில்லை. ஆனி மாதத்து முழக்கம் அப்படித்தான், பயப்படுத்திவிட்டுப் போய்விடும். ரீவியை நாடகம் பார்க்கத் திரும்பப் போட்டேன். பிரிஜ்ஜையும் போட்டேன். கணினியை மறந்துபோனேன், இரவு பிந்தி வந்த நீயும் துவாய்க்குக் கீழே பார்க்கவில்லை. அடுத்த நாள் விடிய வெள்ளெனவே வயலுக்குப் போய்விட்டேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோதுதான் துவாயைக் கண்டேன். "ஐயோ, என்ன கோதாரி" என்று பிளக்கைச் செருகிவிட்டு, ஒரு தடவை போய்விட்டது, பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று குசினிக்குள் போய் உலை வைத்தேன்.

பெரிதாகத்தான் நடந்தது. அன்று நாலாம் வாய்க்கால் முறை. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை தண்ணீர் வந்து, வயலில் திருப்பிவிட ஆளில்லாமல், கழிவு வாய்க்காலோடு போய்விட்டது. எழும்பிய கணினியோ, தவறவிட்ட வேலை ஒன்று கிடக்கிறதே என்று பார்த்து, பத்தேகாலுக்கு மெசேஜை அனுப்பியது. இன்று காலை ஆறு மணிக்கு உங்கள் வாய்க்காலில் தண்ணீர் என்று! நேரம் தவறினால் எழும்பிய உடனே செய்து முடி என்று நீ அதற்குச் சொல்லி வைத்திருந்தாய், அதுவும் சொன்னதைச் செய்தது. அந்த வாய்க்காலின் கடைசி வயல் தவமணி அக்காவுடையது. ஒரே ஒரு ஏக்கர், பயிர் கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவம், அவாவுக்கு அதைவிட வேறு ஒன்றுமில்லை. அடுத்த முறை வர ஒன்பது நாள்.

பின்னேரம் மண்டபத்தில் கூட்டம் கூடியது. தவமணி அக்கா எழும்பி நின்று போனைத் தூக்கிக் காட்டினா. "செயலாளர் அம்மா, உங்கட பெடியன்ர மிசின் பத்தேகாலுக்குச் சொல்லுது, காலமை ஆறு மணிக்குத் தண்ணி எண்டு. ஆறு மணிக்கு வந்த தண்ணி பத்தேகால் மட்டும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குமோ?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பா என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "இஞ்சேருமப்பா, நேற்று முழக்கத்துக்கு நீரெல்லே அதைக் கழட்டினனீர்?" என்றார். நான் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அந்த மனிதனுக்கு உண்மை தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தும் நான் எழும்பி நாற்பத்து மூன்று குடும்பத்துக்கு முன்னால் என்ன சொன்னேன்? "எனக்கென்ன தெரியும்? அது தம்பியின்ர வேலை. அவன்தான் என்னவோ பிழையா எழுதிப்போட்டான் போல."

நீ வாசலடியில் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றாய். கடையிலிருந்து நேரே வந்திருந்தாய். ஒருகணம் என்னைப் பார்த்தாய். பிறகு, "ஓம் அக்கா, என்ர பிழைதான். இனி நானே பக்கத்திலை நிண்டு பாத்துக்கொள்ளுறன்" என்றாய். அடுத்த நாள் கடைக்கு லீவு போட்டு, இரவல் வோட்டர் பம்ப் ஒன்றைக் கொண்டுபோய், கழிவு வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததை எல்லாம் இறைத்து அக்காவின் வயலுக்கு விட்டாய். முக்கால்வாசிப் பயிர் பிழைத்தது. ஒரு மூலை பதராய்ப் போனது. அந்த மூலையைக் கடந்து போகிற ஒவ்வொரு நாளும் நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை உழக்கினேன்.

தம்பி, இது முதல் தடவையும் இல்லை. சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்த காலம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது, பத்து வயது. தண்ணீர் கொண்டு வருகிற பவுசர் லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் நிற்க ஏலாமல், எல்லோரும் தங்கள் பிளாஸ்ரிக் கானை வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். நீலக் கான், மஞ்சள் கான், எண்ணெய்க் கான் என்று நீளத்துக்கு நிற்கும். ஆள் இல்லாவிட்டாலும் கான் நின்றால் முறை நின்றது. ஒருவர் கானை ஒருவர் தொடுவதில்லை, அதுதான் அங்கே இருந்த ஒரே சட்டம். ஒருநாள் நான் அதைத் தொட்டேன். உனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள், குளிக்க வார்க்க வேண்டும் என்று என் மனதுக்கு ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டு, எங்கள் கானை எடுத்து நாலு கான் முன்னால் வைத்தேன். ஒரு மனுசி கண்டுவிட்டா. கத்திக்கொண்டு ஓடி வந்தா. நான் உன்னைப் பிடித்து முன்னால் விட்டு, "சின்னப்பிள்ளை, தெரியாமல் வைச்சிட்டான்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், நான்தான் வைச்சனான்" என்றாய். எங்கள் கானைக் கடைசிக்குத் தூக்கிப்போய் வைத்ததும் நீதான். அன்று எங்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரண்டுபேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. மண்டப வாசலில் நீ "என்ர பிழைதான்" என்றபோது எனக்குக் கேட்டது அந்தப் பத்து வயதுக் குரல்தான். கேட்டும் நான் கதிரையில் கல்லு மாதிரி இருந்தேன். சீ, என்ன மனுசி நான்!

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது. தானாக ஓடுவதை நீ நிற்பாட்டினாய். ஒவ்வொரு விடியலும் நீயே எழும்பி, கையால் அழுத்தி ஓடவிட்டு, எல்லா மெசேஜும் போனதோ என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போனாய். இந்தக் கிழமை முழுக்கக் கடை வேலையாக வவுனியா போகவேண்டி வந்ததும் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். நாலு ஐம்பதுக்கு எனக்குக் கோல். "அம்மா, எழும்பிட்டியளோ? அந்த நீலப் படத்தை ரெண்டு தரம் அமத்துங்கோ." "அமத்திப்போட்டன்." "கறுப்புத் திரை வந்ததோ?" "வந்து நிக்குது." "கடைசி வரியிலை என்ன கிடக்கு?" "இங்கிலீசு கிடக்கு." "அம்மா, வாசியுங்கோவன்!" மனிதரை நித்திரை கொள்ளவிடத்தான் அந்த இயந்திரம் வந்தது. அதை இயக்க இரண்டு மாவட்டத்தில் இரண்டு பேர் விடியமுன் எழும்பி நிற்கிறோம். அப்பாவையும் சேர்த்தால் மூன்று பேர், அவர் எங்கள் சத்தத்தில் எழும்பிவிடுகிறார்.

இரண்டாம் நாள் உன் கோல் முடிந்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அப்படி என்னதான் எழுதி வைத்திருக்கிறாய், நான் பார்க்கக்கூடாதோ என்று அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். முழுக்க இங்கிலீஷும் அடைப்புக்குறியும். கீழே உருட்டிக்கொண்டு போனால் நடுவில் ஒரேயொரு வரி தமிழில் கிடந்தது. அதற்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட குறி. "அம்மா பிளக்கைக் கழட்டினால்: பிந்தி எழும்பினால் ஒருவருக்கும் அனுப்பாதே, எனக்கு மட்டும் சொல்லு." அவ்வளவுதான். பக்கத்தில் கடைசியாகத் திருத்திய நாள் காட்டியது. கூட்டம் நடந்த அதே நாள் இரவு. மண்டபத்திலிருந்து வந்து, சோறு தின்னமுதல், நீ கணினியைத் திறந்து அது எப்போது நின்றது, எப்போது எழும்பியது என்று பார்த்திருக்கிறாய். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு குசினிக்குள் வந்து, "அம்மா, இண்டைக்குச் சம்பல் நல்லாயிருக்கு" என்றாய்.

நான் அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன். அப்பா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எனக்கு யாரையாவது கேட்கவேண்டும் போல இருந்தது. உன்னைக் கேட்க முகமில்லை. துளசிக்குக் கோல் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற ரீச்சர், என் மருமகளாக வரப்போகிறவள், கேட்டால் என்ன? "பிள்ளை, ஒரு வரிக்கு முன்னாலை நாலு கோட்டுக் குறி ஒண்டு போட்டால் என்ன அர்த்தம்?" என்றேன். "அதைக் கொம்பியூட்டர் வாசிக்காது மாமி. பிறகு பாக்கிற மனிசருக்காக எழுதிறது" என்றாள். நான் திரும்பவும் அழத் தொடங்கினேன். அவள் பயந்துபோய், "மாமி, என்ன மாமி?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பிளக்கையும் சொன்னேன், கானையும் சொன்னேன். அவளும் அப்போதுதான் தன் மனதில் கிடந்ததைச் சொன்னாள். "அப்ப உண்மையா உங்களுக்காகத்தானோ அவர் இப்ப வரமாட்டன் எண்டவர்? எங்கட வீடு பிடிக்கேல்லை எண்டெல்லே நாங்கள் யோசிச்சனாங்கள்."

அன்றைக்கே அவளிடம் படிக்கத் தொடங்கினேன். பாவம் அந்தப் பிள்ளை. "மாமி, அந்தக் கட்டத்திலை சரி போட்டிருக்கோ?" "எந்தக் கட்டம் பிள்ளை? இஞ்சை ஒரு வயலளவு கட்டம் கிடக்கு." முதலில் எனக்கு நானே மெசேஜ் அனுப்பிப் பழகினேன். பதினொரு மணிக்கு "உலை கொதிக்குது, வா" என்று வர வைத்தேன். பதினொரு மணிக்கு ஒன்றும் வரவில்லை, சோறு அடிப்பிடித்தது. இரவு பதினொன்றுக்கு, படுத்த பிறகு, உலை கொதிக்குது என்று வந்தது, காலையை இரவாகப் போட்டிருக்கிறேன். அப்பா பாயில் எழும்பி இருந்து சிரித்தார். அடுத்த நாள் நான் வயலில் வரம்பு செதுக்கிக்கொண்டு நின்றேன், சரியாகப் பதினொன்றுக்கு இடுப்பில் போன் சத்தம் போட்டது. வீட்டில் ஒருவரும் இல்லை, பூட்டிய வீட்டில் இருந்து என் கணினி என்னைக் கூப்பிடுகிறது! மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்த வரம்பில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வயல்காரர் எனக்கு விசர் என்று நினைத்திருப்பார். எனக்கு வந்த சந்தோசத்துக்கு விசர் என்றாலும் பரவாயில்லை.

அந்தக் கையோடேயே தவமணி அக்காவின் வயலுக்குப் போனேன், இந்தமுறை மற்றப் பக்கம் பார்க்காமல். நடந்ததைச் சொன்னேன். அவா களை பிடுங்கிய கையோடு நிமிர்ந்தா. "இடி முழங்கினால் நானும் முதல்ல ரீவியைத்தான் கழட்டுறனான். அதிலை என்ன குற்றம்? ஆனால் அந்தப் பெடியனை நான் நாலுபேருக்கு முன்னாலை ஏசிப்போட்டனெல்லே. அவன் ஒண்டும் பேசாமல் வந்து எனக்குத் தண்ணி இறைச்சவன். இனி அவனுக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?" என்றா. பிறகு கையில் இருந்த களையை வரம்பில் எறிந்தா. "எனக்கு மட்டும் வந்து சொன்னால் காணுமோ செயலாளர் அம்மா? நாப்பத்திமூண்டு பேருக்கு முன்னாலை எல்லே சொன்னனீங்கள்" என்றா. அவா சொன்னது சரி. அவாவின் வாயால் அதைக் கேட்கத்தான் போனேனோ என்றும் பிறகு யோசித்தேன்.

இப்போது உன்னோடு கொஞ்சம் கோபிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள். மற்றவர் விட்ட பிழையை உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் திரிகிறாயே, அதை நல்ல குணம் என்று ஊர் சொல்லும். எனக்கு அது நல்லதாக இருக்கவில்லை, தம்பி. நீ முகாமில் "அம்மாதான் வைச்சவ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், எனக்கு அன்றைக்கே வெட்கம் வந்து அன்றைக்கே போயிருக்கும். நீ சொல்லாததால் அதை நான் இவ்வளவு காலம் வைத்திருந்தேன், வைத்திருந்து பழகி, மண்டபத்தில் திரும்பவும் அதையே செய்தேன். துளசியோடு அப்படி இராதே. அவள் பிழை விட்டால் கோபமில்லாமல் சொல்லு, நீ பிழை விட்டால் அன்று பொழுதுபடமுன் சொல்லு. மனதுக்குள் நாலு கோட்டுக் குறியைப் போட்டு ஒளித்து எழுதிவைத்துவிட்டு, சம்பல் நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டு திரியாதே. இன்னொன்று, அவர்கள் வீட்டில் மாமியார் சொல்கிற எல்லாவற்றுக்கும் ஓம் போடாதே. உன் அப்பா போட்டுப் போட்டுத்தான் நான் இப்படி ஆனேன்.

இனி ஐந்து மணிக்கு என்ன நடக்கப்போகிறது என்று சொல்கிறேன். இரண்டு வேலை பதிந்து வைத்திருக்கிறேன். ஒன்று வழக்கமான தண்ணீர்ச் செய்தி, இன்று இரண்டாம் வாய்க்கால். அது இனிமேல் முன்பு போலத் தானாகவே போகும். நேரம் தவறினால் எப்போது ஏலுமோ அப்போது செய் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, தண்ணீர்ச் செய்திக்கு அதில் சரி இருக்கவே கூடாது என்று துளசி விளக்கினாள், நீ எடுத்துவிட்டிருந்ததை அப்படியே விட்டிருக்கிறேன். பிளக்குக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டையும் ஒட்டியிருக்கிறேன்: "முழக்கம் முடிந்தால் முதலில் இது, பிறகுதான் நாடகம்." மற்றது நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் போகிறது. அது இதுதான்:

"வணக்கம். ஆனி மாதம் நாலாம் வாய்க்காலுக்குத் தண்ணீர்ச் செய்தி பிந்தி வந்தது என் மகனின் பிழை இல்லை. முதல் நாள் இடிக்குப் பயந்து கணினியின் பிளக்கைக் கழற்றி, திரும்பப் போட மறந்தவள் நான். தெரிந்துகொண்டே கூட்டத்தில் அவனில் பழியைப் போட்டவளும் நான். தவமணி அக்காவிடமும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். செயலாளர்."

இதற்கு மட்டும் அந்தக் கட்டத்தில் சரி போட்டிருக்கிறேன். என்னை எனக்குத் தெரியும். விடிய எழும்பினதும் பயம் பிடித்து, ஒரு இடியும் இல்லாமலேயே அந்தப் பிளக்கை இழுத்துவிட்டாலும் விடுவேன். இழுத்தாலும் எனக்குத் தப்ப வழியில்லை. எந்த நாள் எந்த நேரம் அதைத் திரும்பச் செருகினாலும், தவறவிட்ட வேலை ஒன்று கிடக்கிறதே என்று கணினி இதை அனுப்பியே தீரும். தண்ணீர்ச் செய்தி பிந்தினால் கேடு. இது பிந்தினாலும் போகத்தான் வேண்டும், ஏற்கெனவே நன்றாகப் பிந்திவிட்டது.

நீ இதை வாசிக்கிற நேரம் நான் வீட்டில் இல்லை. றோட்டுக்கரையில் ஒரு பை வறுத்த கச்சான் கடலையோடு கிளிநொச்சி பஸ்ஸுக்கு நிற்பேன். அங்கிருந்து வவுனியா, பிறகு பூவரசங்குளத்துக்கு மன்னார் றோட்டு பஸ். துளசியின் அம்மாவுக்கு முன்னால் போய் நின்று, கலியாணத்துக்கு அடுத்த கிழமையே உங்கள் மருமகன் வந்துவிடுவான், நான் பொறுப்பு என்று சொல்லப்போகிறேன். திரும்பி வரும்போது உன்னையும் பார்ப்பேன், நல்ல கடையாகப் பார்த்துச் சாப்பாடு வாங்கித் தா. அப்பாவை வீட்டில் விட்டிருக்கிறேன். அவருக்கு ஒரே வேலை, பிளக்குக்குக் கிட்டப் போகாமல் இருப்பது.

செய்தி ஒவ்வொருவராகத்தான் போகும். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு முதலில் சத்தம் கேட்கும். கடைசிப் பெயராக உன்னுடையதைச் சேர்த்திருக்கிறேன். நேரத்தைப் பார், இப்போது ஐந்து ஆகியிருக்கும். உன் போன் சத்தம் போட்டால் ஊர் முழுக்க வாசித்துவிட்டது என்று அர்த்தம். அது வந்ததும் லைட்டை அணைத்துவிட்டுப் படு, ராசா. இன்றைக்கு நீ எழும்ப வேண்டியதில்லை.

அம்மா